ஆக்ஸிஃப்யூயல்: பெயரிலேயே ஒரு புளிப்பு

அனல்மின் நிலையப் புகையிலிருந்து கரியமில வாயுவைக் காற்றில் விடாமல் பிடித்துவைப்பதற்காக, காற்றுக்குப் பதில் ஆக்சிஜனில் நிலக்கரியை எரிக்கும் முறைக்கு ஆக்ஸிஃப்யூயல் (oxyfuel) என்று பெயர். இதைத் தமிழில் சொல்லப்போனால் 'ஆக்சிஜன் எரிபொருள்' என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதிவிடாதீர்கள். ஆக்சிஜன் எரிபொருள் இல்லை, எரியவைப்பது. உலையில் எரிவது அதே பழைய நிலக்கரிதான்.

மாறுவது உள்ளே ஊதப்படும் காற்று. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். அது தானும் எரியாது, எரிக்கவும் உதவாது. ஆனாலும் புகைபோக்கி வரை கூடவே வந்து கரியமில வாயுவோடு கலந்து நிற்கும். பிறகு அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. அந்தப் பிரிக்கிற வேலையை முன்னாலேயே முடித்துவிடுவதுதான் இந்த முறை. காற்றைக் கடுங்குளிரில் திரவமாக்கினால் நைட்ரஜன் −196 பாகையிலும் ஆக்சிஜன் −183 பாகையிலும் கொதிக்கும். அந்த 13 பாகை இடைவெளியில் இரண்டும் பிரிந்துவிடும். ஆக்சிஜனில் எரித்தால் புகையில் மிஞ்சுவது பெரும்பாலும் கரியமில வாயுவும் நீராவியும். குளிரவைத்தால் நீராவி தண்ணீராக வடிந்துவிடும். வெறும் ஆக்சிஜனில் எழும் சூட்டைக் கொதிகலன் தாங்காது என்பதால், புகையில் பெரும்பகுதியைத் திரும்ப உலைக்குள்ளேயே விடுகிறார்கள். ஆக்சிஜனைப் பிரிக்கவே மின்சாரம் ஏராளமாகச் செலவாகிறது, தலைவலி அங்கேதான்.

ஜெர்மனியில் ஷ்வார்ட்சே பும்பே என்ற இடத்தில் 2008இல் 30 மெகாவாட் வெப்பத்திறன் கொண்ட சோதனை நிலையம் ஓடத் தொடங்கியது, 2014இல் நிறுத்தப்பட்டது. ஆஸ்திரேலியாவின் கேலைட் அனல்மின் நிலையத்தில் பழைய அலகு ஒன்றையே மாற்றியமைத்து 2015 வரை ஓட்டிப்பார்த்தார்கள்.

இனிப் பெயருக்கு வருவோம். 'ஆக்ஸிஸ்' என்றால் கிரேக்கத்தில் கூர்மை, புளிப்பு. எல்லா அமிலத்திலும் இந்த வாயு இருக்கிறது என்று நம்பிய பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர், 'புளிப்பை ஈன்றது' என்று பொருள்பட ஆக்சிஜன் எனப் பெயரிட்டார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது இல்லை என்று பிற்பாடு ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி காட்டினார். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ஜெர்மன்காரர்கள் இன்றும் 'சவர்ஸ்டாஃப்', அதாவது புளிப்புப் பொருள் என்றே சொல்கிறார்கள்.

இந்த வம்பில் மாட்டாத சொல், ஆக்சிஜனுக்கு நம் தமிழில் உள்ள 'உயிர்வளி'. ஆனால் 'உயிர்வளி எரிப்பு' என்றால் போதாது. விறகடுப்பும் உயிர்வளியில்தான் எரிகிறது. எரிப்புக்கு இலங்கைப் பாடநூல்களில் வரும் 'தகனம்' அங்கே சரி, தமிழ்நாட்டிலோ அது சுடுகாட்டுச் சொல். கரியமில வாயுவைப் பிடிப்பதை 'வாயுப் பிடிப்பு' என்று எழுதினாலோ பாட்டி தைலத்தோடு வந்துவிடுவாள். என் ஓட்டு 'தனி உயிர்வளி எரிப்பு' என்பதற்கு. நைட்ரஜனைக் கழற்றிவிட்ட சேதி அந்தத் 'தனி'யில் இருக்கிறது.