பனிப்புயல் ஓய்ந்த பிறகு எதற்கு அவசரநிலை அறிவிப்பு?

2023 பிப்ரவரி இறுதியில் தெற்குக் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ மலைகளில் கொட்டிய பனி, சில இடங்களில் 100 அங்குலத்தைத் தாண்டியது. எட்டடிக்கும் மேல்! கிரெஸ்ட்லைன், லேக் ஆரோஹெட் போன்ற மலை ஊர்களில் வாசல் எது, தெரு எது என்று தெரியவில்லை. கிரெஸ்ட்லைனில் மக்கள் நம்பியிருந்த மளிகைக் கடையின் கூரை பாரம் தாங்காமல் இடிந்து விழுந்தது. தீயணைப்பு வண்டிகளுக்குத் தண்ணீர் தரும் குழாய்கள் பனிக்கடியில் புதைந்துபோயின. பிப்ரவரி 27 அன்று கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) நிர்வாகம் உள்ளூர் அவசரநிலையை அறிவித்தது.

ஊரே புதைந்து கிடப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறதே, இதில் அறிவிக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் சில பத்திகளே கொண்ட அந்தத் தீர்மானம் இல்லாவிட்டால், சட்டப்படி தொடங்கவே முடியாத காரியங்கள் ஏராளம்.

கலிபோர்னியாவில் இதற்கு அடிப்படை 1970ஆம் ஆண்டின் அவசரச் சேவைகள் சட்டம். எவ்வளவு பனி பெய்தது என்பதை அது அளவுகோலாகக் கொள்வதில்லை. உள்ளூர் நிர்வாகத்தின் ஆட்களும் எந்திரங்களும் சமாளிக்க முடியாத அளவுக்கு ஆபத்து வந்துவிட்டதா என்றுதான் கேட்கிறது. நகர மன்றமோ, கவுண்டியின் மேற்பார்வையாளர் குழுவோ அறிவிக்கலாம். நள்ளிரவில் மன்றத்தைக் கூட்ட முடியாது என்பதால், உள்ளூர்ச் சட்டத்தால் அதிகாரம் பெற்ற ஓர் அதிகாரியும் கையெழுத்திடலாம். ஆனால் ஏழு நாட்களுக்குள் மன்றம் அதை ஏற்காவிட்டால் அறிவிப்பு காலாவதியாகிவிடும். ஏற்ற பிறகும் 60 நாட்களுக்கு ஒருமுறையாவது, இது இன்னும் தேவையா என்று மன்றம் பரிசீலிக்க வேண்டும். மக்கள் தேர்ந்தெடுத்தவர்களின் பிடியிலிருந்து அதிகாரம் நழுவிவிடாமல் காக்கும் இந்தக் கெடுக்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

அறிவித்ததும் என்ன மாறும்? உடைந்த மதகைச் சீரமைக்கச் சாதாரண நாளில் டெண்டர் விட்டு, முத்திரையிட்ட உறைகளுக்காகக் காத்திருக்க வேண்டும். அவசரநிலையில் மன்றத்தின் ஐந்தில் நான்கு பங்கு வாக்கு இருந்தால், டெண்டர் இல்லாமலே வேலையை ஒப்படைக்கலாம். அரசு ஊழியர் அனைவரும் சட்டப்படி பேரிடர்ப் பணியாளர்கள். நூலகரைக்கூட நிவாரண முகாமுக்கு அனுப்பலாம். கடைக்காரர்களுக்கும் கடிவாளம் உண்டு. உணவு, எரிபொருள், விடுதி அறை போன்றவற்றின் விலையை அடுத்த 30 நாட்களுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் உயர்த்துவது குற்றம். வீடு பழுதுபார்க்கும் ஒப்பந்தக்காரர்களுக்கு இந்தத் தடை 180 நாட்கள். கூரை பிளந்து நிற்கும் ஒரு முதியவருக்கு, அறிவிப்பின் மிகப் பெரிய பயன் இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்தது பணம். மாநிலத்தின் பேரிடர் நிதியைக் கேட்க வேண்டுமானால், சம்பவம் நடந்த பத்து நாட்களுக்குள் உள்ளூர் அறிவிப்பு வந்திருக்க வேண்டும். உள்ளூரின் கோரிக்கை மேலே போக, ஆளுநர் மாநில அவசரநிலையை அறிவிப்பார். அவர் கேட்டால்தான் மத்திய அரசின் பேரிடர் உதவிச் சட்டமான ஸ்டாஃபோர்டு சட்டத்தின் கீழ் அதிபர் பேரிடர் அறிவிப்பில் கையெழுத்திடுவார். அந்தக் குளிர்காலத்தில் ஆளுநர் நியூசம் மார்ச் 1 அன்று 13 கவுண்டிகளுக்கு அவசரநிலையை அறிவித்தார். பிப்ரவரி 21 முதல் வீசிய புயல்களுக்கான பெரும்பேரிடர் அறிவிப்பில் அதிபர் பைடன் கையெழுத்திட்டது ஏப்ரல் 3 அன்று.

இந்தத் தாமதத்துக்குக் காரணம் கணக்கு. சாலை, பாலம் போன்ற பொதுச் சொத்துகளின் சேதம், மாநில மக்கள்தொகையில் தலைக்கு இவ்வளவு டாலர் என்ற அளவை எட்டுகிறதா என்று மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபெமா பார்க்கும். 2023 நிதியாண்டில் அது 1.77 டாலர். கலிபோர்னியாவின் மக்கள்தொகை 3.95 கோடி என்பதால், கிட்டத்தட்ட 7 கோடி டாலர் சேதத்தைக் காட்ட வேண்டியிருந்தது. சில ஆயிரம் பேர் வாழும் மலை ஊர் முற்றிலும் முடங்கினாலும், அது மட்டும் இந்த வரம்பை எட்டுவது கடினம். பெரிய மாநிலத்தில் பிறந்த சிற்றூர்களுக்கு இது அநீதி என்றே நான் நினைக்கிறேன்.

பனியை அள்ளும் செலவுக்கு விதி இன்னும் கடுமை. பெய்த பனி அந்தக் கவுண்டியின் பழைய உச்சத்தை எட்டியிருக்க வேண்டும், அல்லது அதற்குப் பத்து சதவீதத்துக்குள் நெருங்கியிருக்க வேண்டும். அப்போதும் பொதுவாகத் தொடர்ச்சியான 48 மணி நேரச் செலவு மட்டுமே ஏற்கப்படும். உச்சத்தை வெகுவாக விஞ்சியிருந்தால் மேலும் 24 மணி நேரம். சான் பெர்னார்டினோவிலோ, சாதாரண பனிக்கலப்பைகள் திணறி, மண் அள்ளும் எந்திரங்களையும் பனி வீசும் எந்திரங்களையும் இறக்க வேண்டியிருந்தது. பலர் ஒரு வாரத்துக்கும் மேல் வீட்டுக்குள் அடைபட்டிருந்தார்கள்.

எல்லாம் கூடிவந்தால், தகுதியுள்ள செலவில் வழக்கமாக 75 சதவீதத்தை மத்திய அரசு தரும். மீதியில் முக்கால் பங்கை மாநிலம் ஏற்றால், உள்ளூரின் சுமை 6.25 சதவீதம்தான். ஆனால் முதலில் கைக்காசைச் செலவழித்துவிட்டுப் பிறகே திரும்பப் பெற வேண்டும். அதனால்தான் புயலின் நடுவிலும் ஒரு ஊழியர் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருப்பார்: எந்த எந்திரம், யார் ஓட்டினார், எந்தத் தெரு, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை. தணிக்கையில் அந்தக் குறிப்பு இல்லையென்றால் அந்தத் தொகையும் இல்லை.