ஹாட்வெயார் கடைச் சிலிக்கோனை இதயத்தில் பூசாதீர்கள்

கல்முனைப் பக்கமிருந்து மறுபடியும் ஓர் அழைப்பு. உயர்தர உயிரியல் ஆசிரியர் ஒருவர், சிலிக்கோன் ஏற்றிய உறுப்பு அழுகாது என்ற எண்ணத்தில், விஞ்ஞானக் கண்காட்சிக்காக மாட்டிதயம் ஒன்றில் குளியலறை இடுக்கு அடைக்கும் சிலிக்கோனைப் பிதுக்கி நிரப்பி, மேலேயும் பூசி வைத்திருக்கிறார். "ஏன் சேர் நாறுகிறது?" என்கிறார். நாறாமல் என்ன செய்யும்?

உடற்கூற்று ஆய்வுகூடத்தில் மாதிரி செய்வது என் தொழில். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ட்யூபில் வரும் பசை காற்றின் ஈரத்தில் இறுகுவது. அந்த வினாகிரி வாடை அதனால்தான். அது தசைக்குள் ஊறாது. பணியாரத்துக்குப் பாகு பூசியது போல மேலே மட்டும் பளபளக்கும். உள்ளே நீர், கொழுப்பு, பற்றீரியா எல்லாம் அப்படியே. மட்டக்களப்பு வெக்கையில் அதற்கு இரண்டு நாள் தாராளம். அவர் அனுப்பிய படத்தில் இடது இதயவறைக்குள் பசை வெள்ளைக் கட்டியாகக் கிடந்தது. சுற்றியிருந்த தசை பச்சை பாரித்துக் கூழாகிவிட்டது.

உறுப்புகளுக்குள் சிலிக்கோன் ஏற்றி அழுகாமல் காக்கும் பிளாஸ்டினேஷன் முறையே வேறு; அதை ஜேர்மனியின் ஹைடெல்பேர்க்கில் உடற்கூற்றியலாளர் குந்தர் வொன் ஹேகன்ஸ் 1977இல் கண்டார். போமலினில் பதப்படுத்திய உறுப்பின் நீரைக் குளிர்ந்த அசற்றோன் என்ற கரைப்பானால் வெளியேற்றி, பிறகு வெற்றிடத்தில் அசற்றோனை ஆவியாக இழுத்து, அது விட்ட இடத்தில் திரவச் சிலிக்கோனை ஏற்ற வேண்டும். வழமையான முறையில் இதெல்லாம் ஏறத்தாழ −25 பாகை செல்சியஸில் நடக்கும். குமிழி எழுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் வெற்றிடத்தைக் கூட்டுவோம். அவசரப்பட்டால் மாதிரி சுருங்கிப்போகும். வாரக்கணக்கான வேலை, கண்காட்சிக்கு முதல் நாள் முடிகிற காரியமல்ல.

அடுத்து அவர் கேட்டதுதான் என்னைக் கதிகலங்க வைத்தது: "அப்படியானால் அசற்றோனை வாங்கி வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கட்டுமா?" தயவுசெய்து வேண்டாம். ஏறத்தாழ −20 பாகையிலேயே அதன் ஆவி தீப்பற்றக்கூடியது. வீட்டுப் பெட்டியின் உறைபகுதியும் அவ்வளவு குளிராது. மூடிய பெட்டிக்குள் ஆவி நிறைந்திருக்க, உள்விளக்கின் ஆளியோ வெப்பநிலைக் கட்டுப்படுத்தியோ ஒரு பொறி விட்டால் கதவு பறக்கும். எங்கள் உறைபெட்டிகளில் பொறி விடக்கூடிய எதுவும் உள்ளே இருக்காது. போமலினும் விளையாட்டுப் பொருளல்ல. அதிலுள்ள போமல்டிகைட்டு புற்றுநோய்க் காரணி. பிள்ளைகள் இருக்கும் வகுப்பறையில் அந்தப் போத்தலைத் திறக்காதீர்கள்.

இதயத்தைக் காட்டத்தானே வேண்டும்? காலையில் இறைச்சிக் கடையில் ஆட்டிதயம் வாங்குங்கள். உறைந்த இரத்தத்தைக் கழுவியெடுத்து, கையுறை போட்டு, அன்றைக்கே பிளந்து வால்வுகளைக் காட்டுங்கள். அன்றைக்கே புதைத்தும் விடுங்கள், நாய் தோண்டாத ஆழத்தில்.