கதையில் சிந்தும் ரத்தம் யார் வீட்டுத் தரையில் விழுகிறது?

பெங்களூர்க்காரர்களுக்கு சம்ப் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. கேட்டைத் தாண்டியதும் வாசலிலேயே தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. மேலே ஒரு இரும்பு மூடி, அதைத் தூக்க ஒரு வளையம். காவிரித் தண்ணீர் வரும் நாளில் மூடியைத் தூக்கி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பது பல வீடுகளில் பெண்களின் வேலை.

லிங்கராஜபுரத்திலிருந்து மனநல ஆலோசனைக்காக என்னிடம் வந்த பெண்ணால் மூன்று வாரமாக அந்த மூடியைத் தொட முடியவில்லை. (அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். இங்கே வரும் எல்லோருடைய அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.) கணவர் வேலைக்குப் போன பிறகு தண்ணீர் வந்தால் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுகிறார். ராத்திரி வாசல் விளக்கை அணைக்க விடுவதில்லை. மகன் விளையாட்டாக மூடிமேல் ஏறி நின்றால் அலறுகிறார். வீட்டில், ஆபீஸில் ஏதாவது பிரச்சனையா என்று கேட்டேன். தயங்கித் தயங்கிப் பையிலிருந்து ஒரு நாவலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“சொன்னா சிரிப்பீங்க மேடம். இதைப் படிச்சதுலேருந்துதான் இப்படி.”

கூட வேலை செய்யும் தோழி படிக்கக் கொடுத்த க்ரைம் த்ரில்லர். பதினாலாவது அத்தியாயத்தில் ஒரு பெண்ணின் உடல் சம்பில் கிடைக்கிறது. அந்த இடத்தை அவர் எதிரிலேயே வாசித்தேன். ஒன்றரைப் பக்கம்தான். பிறகு அவர் மனதில் வந்து நிற்கும் காட்சியைச் சொல்லச் சொன்னேன். மூடியில் துரு. வளையத்தில் கட்டிய நீல நைலான் கயிறு. பக்கத்தில் ஓரம் உடைந்த துளசித் தொட்டி. மூடியைத் தூக்கியதும் உள்ளேயிருந்து வரும் குளிர்ந்த வாடை.

“இதெல்லாம் புத்தகத்துல எங்கே இருக்கு?”

பக்கத்தைப் புரட்டினார். ரொம்ப நேரம் தேடினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “இல்ல மேடம். இது எங்க வீட்டு சம்ப்.”

வன்முறை நிறைந்த குற்றக்கதைகளைப் படித்துவிட்டுக் கலங்கி வருகிறவர்களிடம் திரும்பத் திரும்ப நான் பார்ப்பது இதைத்தான். திரையில் ரத்தம் யாரோ போட்ட செட்டில் சிந்துகிறது, நாம் வெளியே உட்கார்ந்து பார்க்கிறோம். எழுத்தாளர் ‘குளியலறை’ என்று ஒரு சொல்லை மட்டும் தருகிறார். டைல்ஸின் நிறம், சொட்டும் குழாய், தாழ்ப்பாளின் சத்தம் எல்லாவற்றையும் போடுவது நாம். போடும் சாமானெல்லாம் நம் வீட்டிலிருந்து எடுத்தது. அதனால்தான் புத்தகத்தை மூடிய பிறகும் அந்தக் காட்சிக்குப் போக்கிடம் இல்லை.

“இந்தக் கதைக்கு இவ்வளவு ரத்தம் தேவையா?” என்று வாசகர்கள் சண்டை போடுவதை நிறையக் கேட்டிருக்கிறேன். இலக்கிய ரசனைக்கு அது நல்ல கேள்வியாக இருக்கலாம், மனநலத்துக்கு அவ்வளவாக உதவாது. ரத்தம் தமிழ் வாசகருக்குப் புதிதா என்ன? போர்க்களத்தில் பேய்கள் கூடிப் பிணங்களைக் கொண்டு கூழ் சமைப்பதைப் பரணிகளில் ரசித்துப் பாடியவர்கள் நாம். அதைப் படித்துத் தூக்கம் கெட்டதாக ஒருவரும் என்னிடம் வந்ததில்லை. அந்தக் களத்தில் நம் வீட்டு நைலான் கயிறு கிடையாது. குடம் குடமாக ரத்தம் கொட்டும் அத்தியாயத்தைச் சாதாரணமாகத் தாண்டிப் போனவர், ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு வாசலில் கிடக்கும் வரியில் உடைந்து போவதைப் பார்த்திருக்கிறேன்.

எல்லோருக்கும் காட்சி ஒரே தெளிவோடு வருவதில்லை. ஜீவன்பீமா நகரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் ஓய்வு பெற்றவர். எவ்வளவு கொடூரமான கொலைக் கதையானாலும் சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு படிப்பார். “இந்த மனுஷனுக்கு ஈரமே இல்லீங்க” என்று மனைவிக்கு ஆற்றாமை. அவருக்கும் உள்ளூரப் பயம், தன் மனசு மரத்துப் போய்விட்டதோ என்று. கண்ணை மூடி உங்கள் அம்மாவின் முகத்தை நினைத்துப் பாருங்கள் என்றேன். “அம்மாவைப் பத்தி எல்லாம் தெரியும், முகம் தெரியாது. எப்பவுமே அப்படித்தான்” என்றார். மனக்கண்ணில் படமே வராத இந்த இயல்புக்கு 2015இல் ஆடம் ஸீமன் என்ற நரம்பியல் மருத்துவர் அஃபாண்டேசியா என்று பெயர் வைத்தார். அது நோயே இல்லை. அந்தக் கணவருக்குக் கொலைக் காட்சி ஒரு தகவலாக வந்து போகிறது, அவ்வளவுதான். அம்மாவின் கடைசி நாட்களைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியதை மனைவியும் பார்த்தார். கலங்காமல் படிப்பவரைக் கல்நெஞ்சு என்றும், கலங்குபவரைக் கோழை என்றும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

உடம்பின் கதை வேறு. ஒரு கல்லூரி மாணவர் பர்ப்பிள் லைன் மெட்ரோவில் நின்றபடி போனில் ஒரு சித்திரவதைக் காட்சியைப் படித்துக்கொண்டு வந்திருக்கிறார். அல்சூர் ஸ்டேஷன் வருவதற்குள் கண் இருட்டி, வியர்த்து, சரிந்துவிட்டார். வீட்டில் ரத்தசோகை என்று பயந்து எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள், ஒன்றுமில்லை. பொதுவாகப் பயம் வந்தால் இதயம் வேகமாக அடிக்கும், ரத்த அழுத்தம் கூடும், அதில் யாரும் மயங்கி விழுவது அரிது. ரத்தத்தையும் காயத்தையும் கண்டு கூசுகிறவர்களில் பலருக்கு மட்டும் முதலில் ஏறுவது சட்டென்று இறங்கிவிடும். மூளைக்குப் போகும் ரத்தம் குறைய, மயக்கம். நேரில் பார்த்தால்தான் என்றில்லை, கேட்டாலோ படித்தாலோகூடச் சிலருக்கு வரும்.

இதற்கு ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஊஸ்ட் 1980களில் வகுத்த எளிய பயிற்சி ஒன்று உண்டு. தலை சுற்றுவது போல் தோன்றியதும் கை, கால், வயிற்றுத் தசைகளை முறுக்கிப் பிடித்து, முகம் சூடாகும்வரை 10 முதல் 15 விநாடி வைத்திருக்க வேண்டும். பிறகு சற்றுத் தளர்த்தி மறுபடியும். ஐந்து தடவை. இந்த நேரத்தில் ‘ரிலாக்ஸ் பண்ணு’ என்று சொல்வது தப்பு, தளர்ந்தால் அழுத்தம் இன்னும் இறங்கும். அந்த மாணவருக்குக் கற்றுக்கொடுத்தேன். மயக்கத்துக்கு இதயக் கோளாறு போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம், ஆகவே முதலில் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

“பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இந்தக் கொலைப் புஸ்தகம்?” என்று கேட்கும் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. உண்மைக் குற்றங்களைப் பற்றிய புத்தகங்களை ஆண்களைவிடப் பெண்களே அதிகம் விரும்புகிறார்கள் என்று 2010இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சிக்கிக்கொண்டவர் எப்படித் தப்பித்தார் என்ற விவரம் இருந்தால் விருப்பம் இன்னும் கூடியது. ஒயிட்ஃபீல்டில் ஷிப்ட் முடிந்து நள்ளிரவு கேபில் தனியாக வீடு திரும்பும் பெண் எதற்காக அதைப் படிக்கிறாள் என்பது எனக்குப் புரிகிறது.

இணையத்தில் எதற்கெடுத்தாலும் ‘எனக்கு பி.டி.எஸ்.டி. வந்துவிட்டது’ என்று எழுதுகிறார்கள். பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய் அது. மனநோய்களை வகைப்படுத்தும், 2013இல் வந்த டி.எஸ்.எம்.-5 கையேட்டின்படி, படத்திலோ திரையிலோ பார்த்ததை மட்டும் வைத்து அந்த நோயைக் கண்டறிய முடியாது. வேலைக்காகப் பார்க்க வேண்டியிருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. சமூக ஊடகங்களுக்கு வரும் கோரமான வீடியோக்களை எட்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்து வடிகட்டுபவர்களை அந்த விலக்கில்தான் சேர்க்க வேண்டும். கதை படித்துச் சில நாள் காட்சி மனதில் வந்து போவதும், இருட்டில் சற்றுப் பயப்படுவதும் பெரும்பாலும் தானே அடங்கிவிடும்.

என்னைக் கவலைப்பட வைப்பது இன்னொரு வகை. அடி வாங்கியே வளர்ந்தவர், வீட்டில் ஒருவரை வெட்டுக்குப் பறிகொடுத்தவர், சிறுவயதில் தொடக்கூடாதபடி தொடப்பட்டவர். இவர்களுக்குக் கதை புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை, உள்ளே கிடந்ததைக் கிளறுகிறது. ஸ்ரீராமபுரத்திலிருந்து வந்த ஒருவர் ஒரு நாவலின் முதல் அத்தியாயத்தில் பெல்ட்டைக் கழற்றும் சத்தத்தோடு நிறுத்திவிட்டார். அவரிடம் நாவலைப் பற்றி நான் பேசவே இல்லை. அப்பாவைப் பற்றித்தான் ஏழு மாதம் பேசினோம்.

அந்தச் சம்ப் பெண்ணோ, நினைக்கக் கூடாது, நினைக்கக் கூடாது என்று மூன்று வாரம் தன்னோடு மல்லுக்கட்டியிருந்தார். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று நம் பாட்டிகள் சொன்னதுதான். 1987இல் உளவியலாளர் டேனியல் வெக்னர் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லிப் பரிசோதித்தபோதும் அதுவேதான் நடந்தது: அடக்கியவர்களுக்குப் பிற்பாடு நினைப்பு கூடியது. எனவே நான் எதிர்த்திசையில் போகச் சொன்னேன். புத்தகத்தில் இருப்பது எது, தன் வீட்டிலிருந்து போட்டது எது என்று ஒரு நோட்டில் இரண்டு பக்கமாக எழுதச் சொன்னேன். துளசித் தொட்டியை எழுதும்போதே அவருக்குத் தோள் இறங்கியது. பிறகு படிப்படியாக: முதல் நாள் வாசல்படியில் நின்று மூடியைப் பார்ப்பது. மூன்றாம் நாள் அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் காபி குடிப்பது. அடுத்த வாரம் கணவர் தூக்க, இவர் டார்ச் அடித்து உள்ளே பார்ப்பது. ஒவ்வொரு படியிலும் பயம் தானாக இறங்கும்வரை நகரக் கூடாது, அது மட்டும்தான் கண்டிப்பு.

படித்த உடனே செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. உளவியலாளர் எமிலி ஹோம்ஸ் குழுவினர் 2009இல் காயமும் சாவும் நிறைந்த படத்தைச் சிலருக்குக் காட்டி, அரை மணி நேரம் கழித்து அவர்களில் பாதிப்பேரை டெட்ரிஸ் என்ற வீடியோ கேம் ஆட வைத்தார்கள். அடுத்த ஒரு வாரத்தில் ஆடியவர்களுக்குக் காட்சிகள் குறைவாகவே திரும்ப வந்தன. கண்ணும் கையும் சேர்ந்து வடிவங்களை அடுக்கும்போது, படம் பதிய மனதில் இடம் குறைந்து போகிறது என்பது அவர்கள் விளக்கம். நான் இங்கே பெண்களிடம் நோட்டில் புள்ளிக்கோலம் போடச் சொல்வேன். கோலத்தை யாரும் அப்படிச் சோதித்ததாகச் சொல்லவில்லை, என் அனுபவத்தில் உதவுகிறது. அந்தக் காட்சியோடு நேரே விளக்கணைத்துப் படுப்பதுதான் மோசம்.

ஒரு மாதம் தாண்டியும் காட்சி விடாமல் வந்தால், தூக்கமோ வேலையோ கெட்டால், பழைய காயம் கிளறப்பட்டிருந்தால், காத்திருக்காதீர்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, நம்ம ஊர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம்தான் அதன் தலைமை மையம். இலவசம், இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

சினிமாவுக்கு 1952 சட்டப்படி தணிக்கைச் சான்று உண்டு. ஓ.டி.டி.க்கு 2021 விதிகள் வயது வரம்பும் உள்ளடக்கக் குறிப்பும் கேட்கின்றன. நாவலுக்கு அப்படி எதுவும் இல்லை, வேண்டுமா என்று கேட்கிறார்கள். எச்சரிக்கைக் குறிப்புகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளிவந்த அலசல், அவை படிக்கும்போது வரும் வேதனையைக் குறைக்கவில்லை, முன்கூட்டியே பதற்றத்தைத்தான் கூட்டுகின்றன என்று காட்டியது. எனவே அட்டையில் பொதுவாக ‘வன்முறை உண்டு’ என்று அச்சடிப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. புத்தகத்தைக் கைமாற்றும் சினேகிதி, நம்மை அறிந்தவள், “இதுல ஒரு குழந்தை சாகுது, இப்போ உனக்கு வேணாம்டி” என்று சொல்வதை நான் நம்புகிறேன்.

ஆறு வாரம் கழித்து அந்தப் பெண் கடைசித் தடவை வந்தபோது நாவலைத் தோழியிடம் திருப்பித் தரப்போவதாகச் சொன்னார். முழுவதும் படித்து முடித்திருந்தார், கொலைகாரன் யாரென்று தெரியாமல் விட மனசு வரவில்லையாம். முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்ததைக் காட்டினார்.

‘14ஆம் அத்தியாயத்தில் சம்ப் வருகிறது. வீட்டில் சம்ப் இருப்பவர்கள் பகலில் படியுங்கள்.’