'மேடே' என்று கத்தினாலும் வெளியே கேட்காதது ஏன்?

எரிகிற கட்டடத்துக்குள் வழி தவறிவிட்ட தீயணைப்பு வீரர், வாக்கி டாக்கியில் மூன்று முறை "மேடே" (உயிராபத்தில் உதவி கேட்கும் அழைப்பு) சொல்லிவிட்டு, தான் யார், எந்தத் தளத்தில் இருக்கிறார், சிலிண்டரில் காற்று எவ்வளவு மிச்சம் என்று சொல்ல வேண்டும். விதி இவ்வளவுதான். அந்தக் குரல் வெளியே போய்ச் சேருவதுதான் பெரும்பாடு.

கான்கிரீட்டும் இரும்பும் ரேடியோ அலையைத் தடுக்கும் என்பது தெரிந்த கதை. அதைவிட விசித்திரமான சிக்கல் ஒன்று உண்டு. வீரரின் மூச்சுக் கருவியோடு ஒரு அலாரமும் இருக்கும். அவர் சுமார் 30 வினாடி அசையாமல் கிடந்தால் அது அலற ஆரம்பிக்கும், அந்தச் சத்தத்தை வைத்தே மற்றவர்கள் தேடி வருவார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அவருடைய மைக்கும் அதே சத்தத்துக்குள்தானே இருக்கிறது!

அனலாக் ரேடியோவில் குரலும் இரைச்சலும் கலந்தே வரும், நம் காது எப்படியோ பிரித்துக்கொள்ளும். டிஜிட்டல் ரேடியோ குரலை அப்படியே அனுப்புவதில்லை. அதை 20 மில்லிவினாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் சுருதி என்ன, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலு என்று கணக்கிட்டு, அந்த எண்களை மட்டும் அனுப்புகிறது. மறுமுனையிலுள்ள கருவி அவற்றிலிருந்து குரலைப் புதிதாக உருவாக்குகிறது. கணக்கு முழுக்க மனிதக் குரலை மனதில் வைத்துப் போட்டது. அலாரமோ ரம்பமோ கூடச் சேர்ந்தால் எது பேச்சு என்று அதற்குப் புரியாது, வெளியே வருவது வெறும் குளறல். சர்வதேசத் தீயணைப்புத் தலைவர்கள் சங்கம் 2008-இல் இதை அறிக்கையாகவே வெளியிட்டது. தீ எரியும் இடத்தில் மட்டும் அனலாக்கையே வைத்துக்கொண்ட துறைகள் அமெரிக்காவில் நிறைய. பழைய தொழில்நுட்பம் என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

அப்புறம் காற்று. சிலிண்டரில் கால் பங்கு மிஞ்சும்போது எச்சரிக்கை அடிப்பதுதான் அமெரிக்காவில் முன்பிருந்த தரவிதி. அப்போதுதான் பலர் வெளியே திரும்புவதைப் பற்றியே யோசிப்பார்கள், வழி தவறினால் அந்தக் கால் பங்கு போதாது. அந்தத் தரவிதியின் 2013 பதிப்பில் அதை 33 சதவீதமாக்கினார்கள். அதே பதிப்பில் முகமூடிக்குள்ளிருந்து பேசுவது தெளிவாகக் கேட்க வேண்டும் என்ற சோதனையையும் கடுமையாக்கினார்கள்.

மேடே பயிற்சியில் சொல்லித்தரும் ஒரு விஷயம் முதலில் கேட்பவரைக் குழப்பும். பேசுவதற்கு முன் உங்கள் அலாரத்தை நீங்களே நிறுத்துங்கள், மைக்கை முகமூடியில் குரல் வெளிவரும் துளைக்கு ஓரிரு அங்குலத்தில் பிடித்துப் பேசுங்கள், பேசி முடித்ததும் அலாரத்தை மறுபடி அலறவிடுங்கள்.