பாட்டிலில் அடைத்த சீயக்காய்

போன சித்திரையில் கோட்டையூரிலிருந்து ஓர் ஆச்சி வந்தார். நெற்றி முடி ஓரத்திலும் பிடரியிலும் சின்னச் சின்னச் சீழ்க்கொப்புளங்கள். தலைக்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டதும் பையிலிருந்து ஒரு பழைய ஜூஸ் பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தார். மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று ஒரு சத்தம், கூடவே புளித்த மாவு வாடை.

"நானே காய்ச்சினது தம்பி. சீயக்காய், பூந்திக்கொட்டை, வெந்தயம். ஒரு பொட்டு கெமிக்கல் கிடையாது."

"காய்ச்சி எத்தனை நாள் ஆச்சு ஆச்சி?"

"பதினஞ்சு நாள் இருக்கும். யூடியூப்ல ஒரு மாசம் கெடாதுன்னு சொன்னாளே."

காரைக்குடியில் தோல் மருத்துவம் பார்க்கும் எனக்கு இந்த பாட்டில் புதிதல்ல. நிறம் மாறும், வாடை ஒன்றுதான். சீயக்காய் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, என் வீட்டிலும் அதுதான். பாட்டிலில்தான் சிக்கல்.

சீயக்காயிலும் பூந்திக்கொட்டைத் தோலிலும் சப்போனின் என்ற பொருள் இருக்கிறது. நுரை தருவதும் எண்ணெயைப் பிரித்தெடுப்பதும் அதுதான். சோப்பு உப்புத் தண்ணீரில் நுரைக்காது, வெள்ளை வெள்ளையாகத் திரிந்து முடியில் ஒட்டும். சப்போனின் அப்படித் திரியாது. அதனால் போர் தண்ணீரில் குளிக்கும் வீடுகளுக்கு சீயக்காய் நல்ல தோது. சீயக்காய்க் கரைசல் லேசான புளிப்புத்தன்மை உள்ளது என்பதால் முடியின் மேல்தோல் செதில்கள் படிந்தே இருக்கும். இதையே தலைகீழாகச் செய்வது சமையல் சோடா. அதைத் தலையில் தேய்க்கச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். சோடா காரத்தன்மை உள்ளது, செதில்களைத் தூக்கிவிட்டு முடியை வைக்கோலாக்கிவிடும்.

சரி, பாட்டிலுக்கு வருவோம். காய்ச்சிய கரைசலில் சப்போனின் மட்டுமா இறங்குகிறது? சர்க்கரை, மாவுச்சத்து, வெந்தயத்தின் கொழகொழப்பு எல்லாம் சேர்ந்து இறங்குகிறது. நம் ஊர் வெயிலில் அது பாக்டீரியாவுக்கும் ஈஸ்ட்டுக்கும் விருந்துச் சாப்பாடு. ஆச்சியின் பாட்டிலில் வந்த 'புஸ்' சத்தம் அவை விட்ட வாயு. அந்தத் தண்ணீரை, நகம் பட்டுக் கீறிய தலையில் ஊற்றித் தேய்த்தால் மயிர்க்கால் ஒவ்வொன்றும் சீழ் பிடிக்க வாய்ப்பு உண்டு. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இன்னும் சுலபமாகப் பிடிக்கும். ஆச்சிக்கு அதுவும் இருந்தது.

கடை ஷாம்பு கெடாமல் இருப்பதற்குக் காரணம், அதில் சேர்க்கும் பதப்படுத்தும் பொருள். நாம் 'கெமிக்கல்' என்று திட்டுவதில் அதுவும் ஒன்று. வீட்டில் அதற்குப் பதிலாக வைட்டமின் இ மாத்திரையை உடைத்து ஊற்றுகிறார்கள். அது எண்ணெய் காறுவதைத் தள்ளிப்போடுமே தவிர கிருமியை ஒன்றும் செய்யாது. இரண்டு மூடி எலுமிச்சையும் போதாது. ஃபிரிட்ஜில் வைத்தால் கெடுவது கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். நான் அதற்குக் கொடுக்கும் கெடு மூன்று நாள்.

நம் பக்கத்து அப்பத்தாக்கள் யாரும் சீயக்காயைத் திரவமாகச் சேர்த்து வைத்ததில்லை. டின்னில் பொடி இருக்கும். எண்ணெய் தேய்த்து உட்கார்ந்த பிறகுதான் கிண்ணத்தில் கரைப்பார்கள். மிஞ்சினால் வாய்க்காலோடு போகும். பாட்டில் பழக்கம் கடை ஷாம்பு பார்த்து வந்தது. பொருள் மட்டும் பழசு, புழக்கம் புதுசு.

ஆகவே பொடியாகவே வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டு அளவு இது: சீயக்காய் ஒரு கிலோ, பாசிப்பயறு கால் கிலோ, வெந்தயம் 100 கிராம், கொட்டை நீக்கிய பூந்திக்காய்த் தோல் ஒரு கைப்பிடி, நிழலில் காய்ந்த செம்பருத்தி இலை, எலுமிச்சைத் தோல். உசிலை இலைப் பொடி, அதாவது அரப்பு, கிடைத்தால் அதையும் சேர்க்கலாம். காயையும் பயறையும் வளவில், அதாவது வீட்டு முற்றத்தில், பாய் விரித்து, காயை ஒடித்தால் சடக்கென்று முறியும் வரை காயவிட வேண்டும். ஈரம் நின்றால் டின்னிலேயே பூஞ்சை வரும்.

அடுத்தது மில். சீயக்காய்க்கு என்றே தனி மிஷின் வைத்திருக்கும் மில்லாகப் பாருங்கள். மிளகாய் அரைத்த கையோடு அதிலேயே சீயக்காயைப் போட்டு வாங்கி, தலை எரிகிறது என்று ஓடிவந்த ஒரு குடும்பத்தையே பார்த்திருக்கிறேன். மாமியார், மருமகள், பேத்தி மூன்று பேரும் வரிசையாகத் தலையில் ஈரத்துண்டோடு உட்கார்ந்திருந்தார்கள். வேறு வழியில்லை என்றால் முதலில் ஒரு படி அரிசியை ஓட்டச் சொல்லி, அந்த மாவை ஒதுக்கிவிட்டு அப்புறம் அரையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் மில் பக்கமே போக வேண்டாம், அந்தத் தூசி இழுப்பைக் கிளப்பிவிடும். அரைத்ததைக் கட்டாயம் சலியுங்கள். நார்த்துணுக்கு தலையைக் கீறும்.

குளிக்கும் அன்று இரண்டு மூன்று கரண்டி பொடியை, அன்றைக்கு வடித்த கஞ்சியிலோ வெதுவெதுப்பான தண்ணீரிலோ கால் மணி நேரம் ஊறவைத்துத் தேய்க்கலாம். முட்டை சேர்ப்பவர்கள் வெந்நீரில் அலசாதீர்கள். முட்டை வெள்ளைக்கரு கலந்து சுவர் பூசிய ஊர் நம்முடையது, அதன் பிடிப்பு தெரியும். வெந்நீர் பட்டு முட்டை தலையிலேயே வெந்துவிட்டால் சீப்புக்கும் வராது.

சீயக்காய் அழுக்கை எடுக்கும். பொடுகுக்கு மருந்தாகாது. பொடுகோடு வரும் பூஞ்சைக்கு எண்ணெய்தான் சோறு. பொடுகு முற்றியிருக்கும்போது எண்ணெய்க் குளியலை நிறுத்திவிட்டு, கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை மருந்து உள்ள ஷாம்புவை ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலசச் சொல்லி எழுதித் தருவேன். பிரசவத்துக்கோ கடும் காய்ச்சலுக்கோ இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி கொட்டினாலும் சீயக்காயை மாற்றிப் பயனில்லை. ரத்தசோகையும் தைராய்டும் பார்க்க வேண்டும்.

ஆச்சியின் மகள் வாட்ஸ்அப்பில் இந்த பாட்டிலை விற்கலாம் என்று இருந்தாராம். விற்பதற்காக அழகுப் பொருள் தயாரிக்க 1940ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும் என்றேன். "விக்கவும் வேணாம், வம்பும் வேணாம்" என்று ஆச்சியே முடித்துவிட்டார்.

கண் விஷயம் மட்டும் பாக்கி. பூந்திக்கொட்டை கரைசல் கண்ணில் பட்டால் கருவிழியின் மேல்தோல் புண்ணாகும். கைக்குழந்தைகளுக்கு அது வேண்டவே வேண்டாம். யாருக்குப் பட்டாலும் இமையை விரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரை 15 நிமிடமாவது ஊற்றிக்கொண்டே இருங்கள். விளக்கெண்ணெயோ தாய்ப்பாலோ விடாதீர்கள். அதற்குப் பிறகும் கண் சிவந்து கூசினால், அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.