விடுதியில் பேய்ப் பயம் காட்டுவதும் ராகிங்தான்: விதிகள், புகார் செய்யும் முறை, அறை மாற்றம்

கல்லூரி விடுதியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தக் கதை காதுக்கு வந்துவிடும். மூன்றாம் மாடியின் கடைசி அறையில் யாரோ தூக்குப் போட்டுக்கொண்டார்களாம், அங்கே ராத்திரியில் குழாய் தானாகத் திறக்குமாம். பேச்சோடு நின்றால் பிரச்சினை இல்லை. நடுராத்திரியில் கதவைத் தட்டிவிட்டு ஓடுவது, மெயின் சுவிட்சை அணைப்பது, செல்போனில் கொலுசுச் சத்தத்தை ஓடவிட்டு ஜன்னலோரம் வைப்பது, 'தைரியப் பரீட்சை' என்று முதலாண்டு மாணவரைப் பூட்டிக் கிடக்கும் குளியலறைக்குத் தனியாக அனுப்பி வெளியே தாழ் போடுவது என்று போகும்போது அது சட்டத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறது.

பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் கொண்டுவந்த ராகிங் தடுப்பு ஒழுங்குமுறைகள் நாடு முழுவதும் உயர்கல்வி நிறுவனங்களுக்குப் பொருந்தும். அதன் 3-ஆம் பிரிவு ராகிங் எது என்று சொல்கிறது. உடலுக்கோ மனதுக்கோ தீங்கு தரும், அல்லது அப்படித் தீங்கு வருமோ என்ற அச்சத்தை எழுப்பும் அடாவடிச் செயல் அதில் வருகிறது. ஒரு மாணவர் சாதாரணமாகச் செய்யமாட்டாத காரியத்தைச் செய்யச் சொல்லி அவரைக் கூச்சத்துக்கும் வேதனைக்கும் ஆளாக்குவதும் வருகிறது. மனநலத்தையும் தன்னம்பிக்கையையும் பாதிக்கும் செயலும் அப்படியே. குரூர இன்பம் காணும் நோக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ராகிங் ராகிங்தான் என்கிறது அந்தப் பிரிவு. ஆகவே "சும்மா விளையாட்டுக்குத்தான் சார்" என்ற பதில் விசாரணையில் செல்லாது.

தமிழ்நாட்டில் இதற்கு மேல் தனிச் சட்டமே இருக்கிறது. சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் 1996-இல் சீனியரால் விடுதியில் கொல்லப்பட்ட நாவரசு வழக்கை அடுத்துத்தான் 1997-இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. பயம், அவமானம், சங்கடம் உண்டாக்குவதும் குறும்பு என்ற பெயரில் செய்யும் தொல்லையும் அதன் வரையறையில் உண்டு. 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். தண்டனை பெற்ற மாணவரைக் கல்லூரியை விட்டு நீக்க வேண்டும். வேறு கல்வி நிறுவனத்திலும் சேர்க்கக் கூடாது. கல்லூரிக்கு உள்ளேயா வெளியேயா என்ற கேள்வியும் இல்லை, சட்டம் இரண்டையும் பிடிக்கும்.

விடுதி உங்களுக்குச் செய்து தர வேண்டியவை

மானியக் குழு விதிகளின்படி முதலாண்டு மாணவர்களுக்கு இயன்றவரை தனி பிளாக் ஒதுக்க வேண்டும். இடமில்லை என்றால், அவர்கள் இருக்கும் பகுதிக்குள் சீனியர்கள் வந்துபோவதை வார்டனும் காவலாளிகளும் கண்டிப்பாகக் கண்காணிக்க வேண்டும். ஒவ்வொரு விடுதிக்கும் முழுநேர வார்டன் வேண்டும். அவர் விடுதியிலேயோ, குறைந்தபட்சம் மிகப் பக்கத்திலோ குடியிருக்க வேண்டும். எந்த நேரமும் தொடர்புகொள்ள அவருக்கு நிறுவனமே செல்போன் கொடுத்து, எண்ணை எல்லோருக்கும் தெரியும்படி வெளியிட வேண்டும். இதை முதல் நாளே சரிபாருங்கள். அறிவிப்புப் பலகையில் இருக்கும் எண், போன வருடமே மாறிப்போன வார்டனுடையதாக இருக்கலாம். ஒருமுறை அழைத்துப் பார்த்துப் பதிந்துகொள்வது நல்லது.

6 புதிய மாணவர்களுக்கு ஒரு சீனியர் வழிகாட்டி என்ற ஏற்பாடும், சிறு குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவையும் ஓர் ஆசிரியரிடம் ஒப்படைக்கும் ஏற்பாடும் விதியிலேயே உள்ளன. முதல் 3 மாதங்களுக்கு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை முதலாண்டு மாணவர்களிடம் பெயர் கேட்காமல் கருத்துக்கணிப்பு எடுக்க வேண்டும். வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிறவருக்கு அந்தப் படிவம் பெரிய உதவி. அதில் 'பிரச்சினை இல்லை' என்று கும்பலோடு டிக் போட்டுவிடாதீர்கள்.

புகாரை எப்படி எழுதுவது

பெரும்பாலான புகார்கள் பலவீனமாவது எழுதும் விதத்தால்தான். 'என் அறையில் பேய் நடமாட்டம் இருப்பதாகச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள், தூக்கமே வருவதில்லை' என்று எழுதினால் வார்டன் சிரித்துவிட்டு, இரண்டு ஆறுதல் வார்த்தை சொல்லி அனுப்பிவிடுவார். பேய் உண்டா இல்லையா என்ற வாதத்துக்குப் புகாரில் இடமே கொடுக்கக் கூடாது. யார், எப்போது, எங்கே, என்ன செய்தார், அதனால் என்ன ஆயிற்று என்பது மட்டும் போதும். இப்படி:

"12-ஆம் தேதி இரவு 1.30 மணிக்கு, பி பிளாக் 309-ஆம் அறையின் கதவை மூன்றாமாண்டு மாணவர்கள் இருவர் தட்டினர். என்னை நான்காம் மாடிக் குளியலறைக்குத் தனியாகப் போகச் சொல்லி, உள்ளே போனதும் வெளியே தாழ் போட்டு விளக்கை அணைத்தனர். சுமார் 20 நிமிடம் அடைபட்டிருந்தேன். மூச்சுத் திணறலும் நடுக்கமும் ஏற்பட்டன. 310-ஆம் அறை மாணவர் கதவைத் திறந்துவிட்டார். நடைபாதை கேமராப் பதிவைப் பாதுகாத்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கேமராப் பதிவு சில நாட்களில் தானாக அழிந்து அதன்மேல் புதியது ஏறிவிடும். எழுத்தில் கேட்டிருந்தால்தான் பின்னால் 'ஏன் வைக்கவில்லை' என்று கேட்க முடியும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் அதே புகாரை முதல்வருக்கு மின்னஞ்சலாகவும் பதிவுத் தபாலாகவும் அனுப்பலாம். மாணவர்தான் எழுத வேண்டும் என்பதில்லை. தமிழ்நாட்டுச் சட்டப்படி பெற்றோரோ ஆசிரியரோ எழுத்தில் கொடுத்தாலும் நிறுவனத் தலைவர் விசாரிக்க வேண்டும்.

வார்டனிடம் போகவே பயமாக இருந்தால் தேசிய ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் இயங்கும். பதிவானதும் தரும் புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்தடுத்த அழைப்புகளில் அதைத்தான் கேட்பார்கள். புகார் சொன்னவரின் அடையாளத்தைக் காக்க வேண்டும், சொன்ன காரணத்துக்காக அவருக்கு எந்தப் பாதிப்பும் வரக் கூடாது என்பதும் விதி.

குற்றம் நடந்திருப்பதாகத் தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவர் காவல்துறையில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய வேண்டும். நிறுவனமும் தன் விசாரணையையும் நடவடிக்கையையும் 7 நாளுக்குள் முடிக்க வேண்டும். வகுப்பிலிருந்து இடைநீக்கம், உதவித்தொகை நிறுத்தம், தேர்வுக்குத் தடை, விடுதியிலிருந்து வெளியேற்றம் தொடங்கிச் சேர்க்கை ரத்து வரை தண்டனைகள் உண்டு. செய்தவர் யார் என்று தெரியாதபோது கூட்டுத் தண்டனைக்கும் இடமிருக்கிறது. ராகிங் செய்யமாட்டேன் என்ற உறுதிமொழியைச் சீனியரும் அவருடைய பெற்றோரும் கொடுத்துத்தான் சேர்ந்திருக்கிறார்கள் என்பதை விசாரணைக் குழுவுக்கு நினைவூட்டலாம்.

யாரும் தட்டாமலே சத்தம் வந்தால்

எல்லாப் பயத்துக்கும் ஆள் காரணமில்லை. குழாய் வால்வு சட்டென்று மூடும்போது தண்ணீர் அழுத்தத்தில் சுவருக்குள் 'டக் டக்' என்று இடிக்கும். பகலில் சூடேறிய தகரக் கூரை இரவில் குளிரும்போது முனகும். பொய்க்கூரைக்குள் மரநாய் ஓடினால் ஆள் நடப்பது போலவே இருக்கும். பழைய கட்டடங்களில் அடையும் கூகையின் சீறலைக் கேட்டவர் பயப்படாமல் இருப்பது கடினம். விளக்கு மங்கியும் பளிச்சிட்டும் எரிந்தால் அதை மட்டும் அன்றே சொல்லுங்கள். நியூட்ரல் ஒயர் தளர்ந்திருந்தால் மின்னழுத்தம் எகிறி, சாதனங்கள் கருகித் தீப்பிடிக்கவும் கூடும். இவற்றுக்குப் பராமரிப்புப் பதிவேட்டில் எழுதினால்தான் ஆள் வருவார்.

தூக்கத்தில் விழிப்பு வந்து, கை கால் அசையாமல், நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பது போல் இருந்தால் அது ஊரில் 'அமுக்குவான்' என்று சொல்லும் தூக்க முடக்கம். கனவு காணும் நிலையில் உடலின் தசைகள் தளர்ந்து கிடக்க, மூளை மட்டும் முன்னதாக விழித்துக்கொள்வதால் வருகிறது. சில நொடிகளோ ஓரிரு நிமிடமோ இருந்து தானாக விலகிவிடும். தூக்கம் கெட்டாலும் மல்லாந்து படுத்தாலும் அதிகம் வரும். தேர்வு நேரத்தில் விடுதிகளில் இந்தப் பேச்சு கூடுவதற்கு அதுவே காரணம். பயம் பகலிலும் விடாமல் தொடர்ந்தால், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

அறை மாற்றம் வேண்டுமென்றால் வார்டனுக்கு எழுதிக் கொடுத்து மாறுங்கள். இந்த அறைதான் வேண்டும் என்று கேட்கும் உரிமை பொதுவாக மாணவருக்கு இல்லை. ஆனால் மருத்துவச் சான்றோ, பரஸ்பரம் மாற்றிக்கொள்ள இன்னொரு மாணவரின் சம்மதக் கடிதமோ இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். சொல்லாமல் கொள்ளாமல் படுக்கையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால், பழைய அறையின் கட்டிலும் மின்விசிறியும் பதிவேட்டில் உங்கள் பெயரிலேயே இருக்கும். உடைந்தால் அபராதமும் உங்களுக்குத்தான்.

ஆசிரியர் குடியிருப்பில் நிலைமை வேறு. நீண்ட நாள் காலியாகக் கிடந்த வீட்டை 'ராசி இல்லாத வீடு' என்று மறுப்பதற்கு முன் உங்கள் நிறுவனத்தின் ஒதுக்கீட்டு விதியைப் படியுங்கள்; ஒதுக்கியதை மறுத்தவரை அடுத்த சில சுற்றுகளுக்குத் தள்ளிவைக்கும் விதி பல இடங்களில் உண்டு. குடியேறியதும் வீட்டு வாடகைப்படியும் நின்றுவிடும். ஆகவே சாவி வாங்குவதற்கு முன்பே பொறியியல் பிரிவு ஆளோடு வீட்டைச் சுற்றிப் பார்த்து, நீர்க்கசிவு, ஒயரிங், கழிவுநீர்க் குழாய், கதவுத் தாழ்ப்பாள் என ஒவ்வொன்றையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அந்தப் பழுதுகள் தீரும்வரை குடியேறும் தேதியைத் தள்ளிவைக்கக் கேட்கலாம்.