வவுச்சர் கணக்கில் தூங்கும் பவுண்டுகள்

"கணக்குல ரெண்டாயிரம் பவுண்டு கிடக்குது சார். பையனுக்குப் பன்னிரண்டு வயசாச்சு, இனிமே நர்சரிக்கா போகப் போறான்? அந்தக் காசை எப்படித் திரும்ப வாங்குறது?"

லண்டன் ஹாரோ பக்கம் ஒரு வாடிக்கையாளர் போன பிப்ரவரியில் கேட்ட கேள்வி. அலுவலகங்களுக்குச் சம்பளக் கணக்குப் போடும் பேரோல் வேலையில் பல வருடங்களாக இருப்பதால் இந்தக் கேள்வி எனக்குப் பழக்கம்தான். கேட்பவர்களில் நம்மவர்கள் அதிகம், அதற்குக் காரணமும் உண்டு. குழந்தை நர்சரியில் இருக்கும்போது, அலுவலகம் நடத்தும் குழந்தைப் பராமரிப்பு வவுச்சர் திட்டத்தில் சேர்கிறார்கள். அப்புறம் ஊரிலிருந்து அம்மாவோ அத்தையோ ஆறு மாதம் வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார்கள், நர்சரி நின்றுவிடுகிறது. சம்பளத்தில் பிடிப்பது மட்டும் நிற்பதில்லை. யாராவது நிறுத்தச் சொன்னால்தானே நிற்கும்!

இவர் மூன்று முறை வவுச்சர் நிறுவனத்துக்கு போன் செய்திருக்கிறார். மூன்று முறையும் ஒரே பதில்: "உங்கள் அலுவலகத்தைக் கேளுங்கள்." தட்டிக் கழிக்கிறார்கள் என்று இவருக்குக் கோபம். உண்மையில் அவர்கள் சொன்னது சரி.

ஏன் என்று புரிய, திட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நீங்கள் சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கிறீர்கள், அதற்குப் பதிலாக முதலாளி குழந்தைப் பராமரிப்பு வவுச்சர் வாங்கித் தருகிறார். அந்தத் தொகைக்கு வருமான வரியும், சம்பளத்தில் பிடிக்கும் சமூகக் காப்புத் தொகையான நேஷனல் இன்சூரன்ஸும் கிடையாது. 2006 ஏப்ரலிலிருந்து வாரம் 55 பவுண்டு, அதாவது மாதம் 243 பவுண்டு வரை இந்தச் சலுகை. 2011 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர்களில் 40 சதவீத வரி கட்டுபவர்களுக்கு மட்டும் மாதம் 124 பவுண்டு. 2018 அக்டோபர் 4-ஆம் தேதியோடு புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். ஏற்கெனவே உள்ளே இருந்தவர்கள், அதே முதலாளியிடம் வேலை பார்க்கும் வரை, அவரும் திட்டத்தை நடத்தும் வரை தொடரலாம்.

ஆக, கணக்கில் கிடப்பது உங்கள் சேமிப்புப் பணம் அல்ல, உங்கள் முதலாளி வாங்கிய வவுச்சர். திரும்புவதானால் வந்த வழியேதான் திரும்ப வேண்டும். வவுச்சர் நிறுவனம் முதலாளிக்குக் கொடுக்கும். முதலாளி அதைச் சம்பளமாக உங்கள் பேஸ்லிப்பில் போட்டு, வரியும் நேஷனல் இன்சூரன்ஸும் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார். உங்கள் வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பச் சொல்லிச் சண்டை போடுவதில் பயன் இல்லை.

கசப்பான விஷயம் ஒன்று உண்டு. முதலாளி திருப்பித் தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. நான் பார்த்தவரை பெரிய அலுவலகங்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்கின்றன. சின்ன அலுவலகங்கள் தயங்குகின்றன. கெட்ட எண்ணம் எல்லாம் இல்லை, அங்கே பேரோல் பார்ப்பவர் இதுவரை இப்படி ஒன்றைச் செய்ததே இல்லை, அவ்வளவுதான். பணம் பேரோல் வழியாக வரி பிடித்தே வரும் என்பதை நீங்களே முதல் வரியில் எழுதிக் கேட்டால் பாதித் தயக்கம் போய்விடும். வவுச்சர் நிறுவனம் கையாளும் கட்டணம் பிடிக்கலாம். சில வவுச்சர்களுக்குக் காலாவதித் தேதியும் உண்டு. கணக்கைத் திறந்து முதலில் அதைப் பாருங்கள்.

சரி, ஹாரோக்காரரின் கணக்குக்கு வருவோம். வவுச்சர் பிடிப்பு நின்ற பிறகு சம்பளம் ஆண்டுக்கு 49,500 பவுண்டு. இங்கிலாந்தில் 50,270-க்கு மேல் போனால் 40 சதவீத வரி. 2,000 பவுண்டையும் ஒரே மாதத்தில் வாங்கினால் முதல் 770 பவுண்டுக்கு 20 சதவீதம், மீதி 1,230-க்கு 40 சதவீதம். வரி மட்டும் 646 பவுண்டு. நேஷனல் இன்சூரன்ஸை ஒவ்வொரு மாதச் சம்பளத்துக்கும் தனியாகக் கணக்கிடுவதால் அதில் பெரும்பகுதி 8 சதவீதத்தில் விழாமல் 2 சதவீதத்தில் விழும், ஏறக்குறைய 44 பவுண்டு. கையில் வருவது சுமார் 1,310. படிப்புக்கடன் பாக்கி இருந்தால் அதற்கும் ஒரு பிடி உண்டு.

இன்னும் மேலே சம்பாதிப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். திரும்பி வரும் தொகை அந்த ஆண்டு வருமானத்தில் சேரும். 60,000 பவுண்டைத் தாண்டினால், பிள்ளைகளுக்காக அரசு தரும் சைல்ட் பெனிஃபிட் உதவித்தொகையில் ஒரு பங்கைத் திருப்பிக் கட்ட நேரும். சின்னக் குழந்தையும் இருந்து 1,00,000-ஐத் தொட்டுக்கொண்டிருந்தால், அரசு தரும் வாரம் 30 மணி நேர இலவசப் பராமரிப்பே கை நழுவலாம். வரி ஆண்டு ஏப்ரல் தொடக்கத்தில் மாறுவதால், மார்ச்சில் வாங்குவதா, ஏப்ரல் சம்பளத்தில் வாங்குவதா என்பது இந்த இடத்தில் பெரிய வித்தியாசம்.

நான் அவரிடம் திருப்பிக் கேட்டது வேறு கேள்வி. "மகள் இருக்கிறாளே, ஸ்கூல் முடிந்ததும் எங்கே இருக்கிறாள்?" ஒன்பது வயது மகள், பள்ளியே நடத்தும் ஆஃப்டர் ஸ்கூல் கிளப்பில் வாரம் மூன்று நாள். பணம்? "கார்டில் கட்டுறோம் சார்." சொல்லிவிட்டு அவரே தலையில் கை வைத்துக்கொண்டார்.

வவுச்சர் நர்சரிக்கு மட்டும்தான் என்ற நினைப்புதான் இதற்கெல்லாம் காரணம். பிள்ளைக்கு 15-ஆவது பிறந்தநாள் முடிந்து வரும் செப்டம்பர் 1 வரை செல்லும், மாற்றுத்திறனாளிப் பிள்ளை என்றால் இன்னும் ஒரு வருடம். பள்ளி கிளப்புகள், தன் வீட்டில் வைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பதிவு பெற்ற சைல்ட்மைண்டர், இங்கிலாந்தில் ஆஃப்ஸ்டெட் என்ற அரசுக் கண்காணிப்பு அமைப்பின் பதிவுள்ள விடுமுறை முகாம்கள் எல்லாவற்றுக்கும் கட்டலாம். அந்தப் பன்னிரண்டு வயதுப் பையனும் இதில் அடக்கம். பள்ளிப் படிப்புக் கட்டணத்துக்குச் செல்லாது. பதிவில்லாத பரதநாட்டிய வகுப்புக்கோ சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கோ செல்லாது. "அம்மாவுக்கே கொடுத்துடலாமா?" என்று பாதிப் பேர் கேட்பார்கள். முடியாது. உறவினர் என்றால் பதிவு பெற்ற சைல்ட்மைண்டராக இருக்க வேண்டும், உங்கள் வீட்டுக்கு வெளியே வைத்துப் பார்க்க வேண்டும், உறவில்லாத வேறொரு குழந்தையையும் பார்க்க வேண்டும். ஆறு மாத விசாவில் வந்த பாட்டிக்கு இதெல்லாம் எங்கே?

இப்படிச் செலவழித்தால் 100 பவுண்டு வவுச்சர் முழு 100 பவுண்டுக்கு வேலை செய்யும். திருப்பி வாங்கினால்தான் வெட்டு. அதனால் செலவழிக்க வழி தேடுவது முதலில், திருப்பிக் கேட்பது அப்புறம்.

இதற்கெல்லாம் முன்பு, மாதப் பிடிப்பை நிறுத்த வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை: தொடர்ந்து 52 வாரம் வவுச்சர் வாங்காமல் விட்டால் திட்டத்திலிருந்து வெளியேறியதாக ஆகிவிடும், மறுபடி சேர முடியாது. பின்னால் தேவைப்படலாம் என்று தோன்றினால் தற்காலிகமாக நிறுத்திவிட்டு வருடத்துக்குள் ஒரு மாதமாவது எடுங்கள். அரசின் புதிய திட்டமான டாக்ஸ்-ஃப்ரீ சைல்ட்கேருக்கு மாறுவதானாலும் பழைய கதவு மூடிவிடும். விண்ணப்பித்த 90 நாளுக்குள் முதலாளியிடம் சொல்லி வவுச்சரை நிறுத்தியாக வேண்டும். அந்தத் திட்டத்தில் நீங்கள் 8 பவுண்டு போட்டால் அரசு 2 பவுண்டு போடும். மிஞ்சிய பணத்தை யாரையும் கேட்காமல் நீங்களே எடுக்கலாம், அரசின் 2 பவுண்டு மட்டும் அரசுக்கே போய்விடும். இந்த ஒரு விஷயத்தில் புதிய திட்டம் எவ்வளவோ தேவலை.

வேலையை விட்டுப் போனவர்களும் வருகிறார்கள். கணக்கில் உள்ள வவுச்சரை அவர்கள் தொடர்ந்து செலவழிக்கலாம். பணமாக வேண்டுமென்றால் பழைய அலுவலகத்தைத்தான் கேட்க வேண்டும். வேலையை விடும்போது தரும் பி45 படிவத்தைக் கொடுத்த பிறகு தரும் தொகைக்கு 0டி என்ற குறியீட்டில், வரிவிலக்கு வரம்பைக் கணக்கில் கொள்ளாமல் வரி பிடிப்பார்கள். அதிகம் பிடித்திருந்தால் வரித்துறையான எச்எம்ஆர்சியிடம் திரும்பப் பெறலாம். பழைய நிறுவனமே மூடிவிட்டது என்றால் பணத்துக்கு அலையாமல் முகாமுக்கும் கிளப்புக்கும் செலவழித்து முடிப்பதே நல்லது.

ஹாரோக்காரர் மகளின் கிளப்புக்கும் இரண்டு பிள்ளைகளின் ஈஸ்டர், கோடை முகாம்களுக்குமாக 1,300 பவுண்டு ஒதுக்கினார். மீதி 700-க்கு அலுவலகத்துக்கு எழுதச் சொன்னேன். நாலே வரி: மாதப் பிடிப்பை இந்த மாதத்தோடு நிறுத்துங்கள், என் கணக்கில் பயன்படாத வவுச்சர் 700 பவுண்டு இருக்கிறது, அதை வவுச்சர் நிறுவனத்திடமிருந்து திரும்பப் பெற்று, வரியும் நேஷனல் இன்சூரன்ஸும் பிடித்து ஏப்ரல் சம்பளத்தில் தர முடியுமா, முடியாதென்றால் காரணத்தை எழுத்தில் தாருங்கள். ஏப்ரல் பேஸ்லிப்பில் வந்துவிட்டது. ஆண்டு வருமானம் 50,270-ஐத் தாண்டவில்லை, அதனால் ஆண்டுக் கணக்கில் 20 சதவீத வரியோடு போயிற்று. ஆண்டுக் கணக்கில் கையில் நிற்பது சுமார் 542 பவுண்டு.

அம்மா அடுத்த மாதம் திரும்பவும் வருகிறாராம். "இந்தத் தடவை சம்பளத்துல பிடிக்க ஒண்ணுமில்ல, ஏற்கெனவே நிறுத்தியாச்சு சார்" என்றார்.